போகும்போது ஓடுகிறது, திரும்பும்போது நிற்கிறது

வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதத்துக்கு முன், படகின் பின்னால் மாட்டும் 15 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். இரண்டு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஒரே கார்புரேட்டர். அதோடு 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்கும், நடுவில் கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் பல்பு வைத்த பெட்ரோல் ஹோஸும் வந்தன. முதல் இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம்தான் தொந்தரவு. கரையிலிருந்து கிளம்பும்போது மோட்டார் நன்றாக ஓடுகிறது. திரும்பி வரும்போது, முழு வேகம் கொடுத்த ஒன்றிரண்டு நிமிடத்தில் இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடுகிறது. பல்பை அமுக்கினால் உயிர் வருகிறது. அமுக்குவதை நிறுத்தினால் மறுபடியும் திணறல். மெதுவாக ஓட்டினால் நிற்பதில்லை.

"என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவன்தான் வழி முழுக்கப் பல்பை அமுக்கிக்கொண்டே வருகிறான். 'அப்பா, அமுக்கும்போது உள்ளே களக்களக்னு சத்தம் கேட்குது' என்கிறான்" என்று எழுதியிருக்கிறார். கேனில் கொண்டுபோன பெட்ரோலை நடுவழியில் டேங்கில் ஊற்றிக்கொண்டு கிளம்பினால் பிரச்சினை இல்லையாம். அந்த இடைவெளியில் மோட்டார் சற்று ஆறிவிடுவதுதான் காரணம் என்று நினைக்கிறார். ஒரு நாள் கேன் இல்லை. சும்மா அரை மணி நேரம் காத்திருந்து கிளம்பியிருக்கிறார். இரண்டாவது நிமிடமே நின்றுவிட்டது.

மெக்கானிக் ஒருவர் கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தார்; இரண்டாவது முறை, அதில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள ஜெட்டுக்குள் கம்பியை விட்டுக் குத்தினார். டேங்குக்குள் காற்று போகவில்லை என்று நண்பர் சொன்னதைக் கேட்டு, இவரே மூடியில் ஒரு துளை போட்டார். எதுவும் பலிக்கவில்லை. இப்போது மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார், நண்பர் எலக்ட்ரிக் பம்பு வைக்கச் சொல்கிறார். "இரண்டில் எதைச் செய்வது? ஓட்டை மோட்டாரை விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா?" என்பதுதான் கேள்வி.

வணக்கம் ஐயா.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மகன் பல்பை அமுக்க, நீங்கள் முழு வேகத்தில் ஓட்டி வருவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அது மோட்டாரைக் காப்பாற்றவில்லை, மெல்ல மெல்லக் கொன்றுகொண்டிருக்கிறது. டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் ஆயில் தனியாகப் போவதில்லை. பெட்ரோலில் கலந்த ஆயில்தான் அவற்றுக்குச் சேரும். ஆகவே பெட்ரோல் வரத்து குறைந்தால் ஆயில் வரத்தும் அதே அளவு குறைகிறது. அதிலும் கலவையில் காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் சிலிண்டருக்குள் சூடு ஏறுகிறது. சூடு ஏறும் அதே நேரத்தில் வழுவழுப்பும் போனால் பிஸ்டன் சிலிண்டர் சுவரைக் கீறும். கடைசியில் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப்போகும். குளிர்விக்கும் தண்ணீர் சரியாகப் பீய்ச்சிக்கொண்டிருந்தாலும் இதைத் தடுக்காது. மோட்டார் திணறுகிறது என்றால் உடனே வேகத்தைக் குறையுங்கள். மெதுவாக ஓட்டும்போது நிற்பதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கரை சேர அது போதும்.

சரி, இப்போது கோளாறுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் விடைக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் வரிகள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

கேனிலிருந்து ஊற்றினால் சரியாகிவிடுகிறது என்பது ஒன்று. அரை மணி நேரம் ஆறவிட்டும் சரியாகவில்லை என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சூடுதான் காரணம் என்றால், காத்திருந்த அன்றைக்கும் மோட்டார் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. கேன் ஊற்றிய நாட்களில் மாறியது சூடு அல்ல, டேங்கில் பெட்ரோல் நின்ற மட்டம். போகும்போது டேங்க் நிறைந்திருக்கிறது, திரும்பும்போது பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உங்கள் மோட்டார் மட்டத்தைப் பார்த்து நிற்கிறது.

மூன்றாவது வரி உங்கள் மகனுடையது. பல்புக்குள் பெட்ரோல் மட்டும் இருந்தால் களக்களக் என்று சத்தம் வராது. காற்றும் சேர்ந்து வந்தால்தான் வரும். இத்தனை மாதமாக யாரும் கவனிக்காததை அந்தப் பையன் கவனித்திருக்கிறான். அவனிடம் இதைச் சொல்லுங்கள்.

இது தீப்பொறிக் கோளாறு இல்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ வயரோ பழுதானால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்தது போல மோட்டார் சட்டென்று நிற்கும். பெட்ரோல் வராமல் போனால் இழுவை தளர்ந்து, தும்மி, திணறி நிற்கும். அதற்கு மேல், பல்பை அமுக்கினால் உயிர் வருகிறது என்பது பெரிய சாட்சி. காயில் பழுதைப் பல்பு சரிசெய்யாது.

மெதுவாக ஓட்டினால் ஏன் நிற்பதில்லை? உங்களுடையது போன்ற மோட்டார் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 6 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 100 மில்லி. கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் நிற்பது அதில் சிறு பங்குதான். வரத்து குறைந்தால் அந்தக் கிண்ணம் சீக்கிரம் வற்றிவிடும். நீங்கள் சொல்லும் ஒன்றிரண்டு நிமிடக் கணக்கு இதுதான். ஐட்லிங்கில் குடிப்பது கொஞ்சம் என்பதால் குறைந்த வரத்தே போதுமானதாகிவிடுகிறது. அதனால்தான் கரையில் டிரம்மில் வைத்து ஓட்டிப் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு அகப்படுவதில்லை. உங்கள் மெக்கானிக்கைக் குறை சொல்ல மாட்டேன். அவர் முன்னால் அந்த மோட்டார் ஒரு தடவைகூட நின்றிருக்காது.

எங்கே தேட வேண்டும்

டேங்கிலிருந்து மோட்டார் வரை உள்ள பாதையை மனதில் ஓட்டிப் பாருங்கள். டேங்கின் அடி வரை இறங்கும் உறிஞ்சு குழாய், அதன் நுனியில் சல்லடை, டேங்க் மேல் கனெக்டர், ஹோஸ், பல்பு, மீண்டும் ஹோஸ், மோட்டார் பக்கக் கனெக்டர், ஃபில்டர், பெட்ரோல் பம்பு, அப்புறம்தான் கார்புரேட்டர். பம்பு வரை உள்ள பாதை முழுக்க உறிஞ்சும் பக்கம். அங்கே ஓர் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். "எங்கேயும் ஈரமே இல்லை, அதனால் லீக் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். உறிஞ்சும் பக்கத்தில் அந்தக் கணக்கு எடுபடாது.

இங்கே என் அனுபவம் ஒன்று. வருடங்களுக்கு முன் இதே மாதிரித் திணறும் மோட்டாரோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். கார்புரேட்டரைப் பிரித்தேன், பம்புக்குள் துடிக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தை மாற்றினேன். கடைசியில் மோட்டார் பக்கக் கனெக்டருக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஊசியால் எடுத்து விரல் நுனியில் வைத்து வளைத்துப் பார்த்தேன். நக இடுக்கில் அடங்கும் அளவுக்கு ஒரு வெட்டு. வளைக்காமல் பார்த்தால் முழு வட்டமாகத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஸ்பானரை எடுக்கும் முன் நான் பார்ப்பது டேங்கையும் ஹோஸையும்தான்.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய் மேல். அது நடுவில் எங்காவது விரிசல் விட்டிருக்கலாம். டேங்க் நிறைந்திருக்கும் வரை விரிசல் பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும்; அதன் வழியாகவும் பெட்ரோல்தான் போகும், யாருக்கும் தெரியாது. மட்டம் இறங்கி விரிசல் வெளியே வந்ததும் குழாய் பெட்ரோலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். கேனை ஊற்றியதும் விரிசல் மறுபடி மூழ்கிவிடும். நீங்கள் எழுதிய அத்தனையும் இதில் பொருந்துகிறது.

அடுத்த சந்தேகம் பெட்ரோல் பம்பு. மட்டம் இறங்க இறங்க பம்பு இன்னும் சற்று ஆழத்திலிருந்து இழுக்க வேண்டும். சத்துக் குறைந்த பம்பு அந்த இடத்தில் தோற்றுப்போகலாம். ஆனால் பம்பு மட்டும் காரணமாக இருந்தால் பல்புக்குள் காற்றுச் சத்தம் கேட்காது. அதனால் இதை இரண்டாவதாக வைக்கிறேன்.

காற்றுத் துளை அடைப்பு என்ற உங்கள் நண்பரின் யோசனையில் தப்பில்லை. சிறிய மோட்டார்கள் நடுவழியில் நிற்பதற்குச் சர்வசாதாரணமான காரணம் மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க மறப்பதுதான். ஆனால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம். கொஞ்சம் பெட்ரோல் போனாலே வெற்றிடம் உண்டாகி இழுத்துப் பிடிக்கும். அதாவது போகும்போதே நின்றிருக்கும். பல்பும் சப்பிப்போய் ஒட்டிக்கொள்ளும். மூடியைத் தளர்த்தினால் உஸ் என்று காற்று உள்ளே போகும். உங்களுக்கு இதில் ஒன்றுகூட இல்லை.

சோதனை

கரையில், காற்றோட்டமான திறந்த வெளியில் செய்யுங்கள். மோட்டார் ஆறியிருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு, சிகரெட் எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடியில் போய்த் தங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது. அதனால் டேங்கைப் படகிலிருந்து இறக்கித் தரையில் வைத்து வேலை செய்யுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் சுலபமான ஒரு வழி இருக்கிறது. இதே வகை மோட்டார் வைத்திருக்கும் யாரிடமாவது டேங்கையும் ஹோஸையும் ஒரு மணி நேரத்துக்கு இரவல் வாங்குங்கள். கனெக்டர் உங்கள் மோட்டாருக்குப் பொருந்த வேண்டும். ஆயில் கலந்த பெட்ரோல் பாதி டேங்க்தான் இருக்க வேண்டும். இந்தப் 'பாதி' முக்கியம். நிறைந்த டேங்கில் சோதித்தால் எல்லாமே சரியாக இருப்பது போலத் தெரியும். படகை வலுவான தூணில் கட்டி, கியரில் போட்டு, சுமையோடு சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பின்னால் யாரும் நீந்தவோ நிற்கவோ கூடாது. மோட்டாரை அணைக்கும் பாதுகாப்புக் கயிறு உங்கள் மணிக்கட்டில் இருக்கட்டும். இரவல் டேங்கில் மோட்டார் நிற்காமல் ஓடினால் கோளாறு உங்கள் டேங்கிலோ ஹோஸிலோதான் இருக்கிறது. மோட்டாரில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டாம். அதிலும் நின்றால் மோட்டார் பக்கக் கனெக்டரிலிருந்து மேலே தேட வேண்டும். தேட வேண்டிய இடம் ஒரே சோதனையில் பாதியாகிவிடும்.

அடுத்தது ஒளிபுகும் குழாய். பெட்ரோலைத் தாங்கும் ஒளிபுகும் குழாயில் ஒரு சாண் நீளம் எடுத்து, பல்புக்கும் மோட்டாருக்கும் இடையே கிளாம்ப் போட்டுப் பொருத்துங்கள். உங்கள் டேங்கை முதலில் நிறைத்தும், பிறகு பாதிக்குக் கீழே இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். கிளப்பியதும் சில குமிழிகள் போவது இயல்பு. நிறைந்த டேங்கில் தெளிவாக ஓடி, பாதி டேங்கில் மணி கோத்தது போல விடாமல் குமிழி வந்தால் உறிஞ்சு குழாய் விரிசல் ஏறத்தாழ உறுதி. இரண்டு மட்டத்திலும் குமிழி வந்தால் கனெக்டர் ஓ-ரிங், ஹோஸ் கிளாம்ப், பல்பு முனைகள் என்று தேடுங்கள். சோதனை முடிந்ததும் அந்தக் குழாயைக் கழற்றிவிட வேண்டும். நிரந்தரமாகப் போடத் தகுந்ததல்ல.

பிறகு உறிஞ்சு குழாயை வெளியே எடுங்கள். டேங்க் மேல் உள்ள கனெக்டர் அமைப்பைத் திருகுகளைக் கழற்றித் தூக்கினால் கூடவே வரும். அளவு காட்டும் மிதவையும் சேர்ந்தே வரலாம், வளைக்காமல் எடுங்கள். குழாய் மேல் கனெக்டரோடு சேரும் இணைப்பைத் தனியாகக் கவனியுங்கள், அங்கேயும் தளர்ந்திருக்கலாம். நன்றாகக் காயவிட்டு, ஒரு முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, சைக்கிள் பம்பால் லேசாகக் காற்று அடித்தால் விரிசல் இருக்கும் இடத்தில் குமிழி வரும். வாயை வைத்து ஊதவோ உறிஞ்சவோ கூடாது. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. விரிசல் தெரிந்தால் பசை போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பாகத்தை முழுதாக மாற்றிவிடுங்கள்.

பல்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மோட்டார் ஓடும்போது பல்பு கல் மாதிரி இருக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பது போலத் தெரிகிறது. அப்படி இல்லை. கிளப்பும் முன் அமுக்கினால்தான் அது விறைக்கும். மோட்டார் ஓடத் தொடங்கியதும் கொஞ்சம் மெத்தென்று ஆவது இயல்பே. ஆனால் ஓடும்போது சப்பிப்போய் ஒட்டிக்கொண்டால் பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு. கிளப்பும் முன் எவ்வளவு அமுக்கினாலும் விறைக்கவே இல்லை என்றால் காற்று இழுக்கிறது, அல்லது பல்புக்குள் இருக்கும் வால்வு போய்விட்டது, அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் பெட்ரோல் வழிகிறது. பல்பின் மேல் அம்புக்குறி இருக்கும், அது மோட்டாரைப் பார்த்திருக்க வேண்டும். அமுக்கும்போது அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பல்பை நிமிர்த்திப் பிடித்தால் வால்வுகள் ஒழுங்காக உட்காரும்.

மூடியில் போட்ட துளை

நீங்கள் போட்ட துளையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அதை மூட முடியாது, மூடியையே மாற்றுங்கள். அந்த வழியாகப் பெட்ரோல் ஆவி எந்நேரமும் படகுக்குள் வந்துகொண்டிருக்கிறது. டேங்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது உங்கள் மகன். இன்னொரு பக்கம், மழையும் அலைத் தெறிப்பும் அதே வழியாக உள்ளே போயிருக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் நுனியும் அடியில்தான் இருக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் இன்னும் மோசம். எத்தனால் ஓரளவுக்குத் தண்ணீரைத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மோட்டார் அந்த அடி நீரை இழுத்தால் ஆயில் இல்லாமல் ஓடுகிறது என்று பொருள்.

ஆகவே முதல் கோளாறு என்னவாக இருந்தாலும், துளையால் இரண்டாவது கோளாறு ஒன்று வந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு சிறிய வடிகால் திருகு இருக்கும். அதைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். டேங்கின் அடியிலிருந்தும் ஒரு குப்பி எடுங்கள். அடியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டாலோ தனி அடுக்காக நின்றாலோ டேங்கை முழுவதுமாகக் காலி செய்து, உலர்த்தி, புதிய பெட்ரோல் நிரப்புங்கள். பழையதைத் தண்ணீரிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். கழிவு எண்ணெய் வாங்கும் இடத்தில் ஒப்படையுங்கள். தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை ஹோஸ் வழியில் வைப்பது நல்ல ஏற்பாடு.

கார்புரேட்டரா, எலக்ட்ரிக் பம்பா?

கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். ஜெட் அடைத்திருந்தால் பல்பை அமுக்குவதால் பெரிய பலன் இருக்காது, சோக்கைப் பாதி இழுத்தால்தான் ஓட்டம் சற்றுச் சீராகும். உங்களுக்கு நேர்மாறாக நடக்கிறது. அடைத்த ஜெட் டேங்கின் மட்டத்தைப் பார்த்து அடைக்கவும் செய்யாது. ஒரு கவலை மட்டும் உண்டு: ஜெட்டுக்குள் கம்பி விட்டது. ஜெட் மெல்லிய பித்தளை. துளையின் அளவு மிகத் துல்லியமானது. கம்பி கீறினால் அளவு மாறிவிடும். பெட்ரோல் வரத்து சரியான பிறகும் ஓட்டத்தில் ஏற்ற இறக்கம் தெரிந்தால் ஜெட்டை மட்டும் அதே எண்ணுள்ள புதியதாக மாற்றுங்கள். முழுக் கார்புரேட்டரோடு ஒப்பிட்டால் அதற்கு ஆகும் செலவு ஒன்றுமே இல்லை.

எலக்ட்ரிக் பம்பு வேண்டவே வேண்டாம். உங்கள் மோட்டாரின் பம்பு, கிராங்க் தண்டு சுழலும் அறையான கிராங்க் கேஸில் மாறி மாறி வரும் அழுத்தத்தால் டயாஃப்ரம் துடித்து வேலை செய்வது. அது கொடுப்பது மிதமான அழுத்தம். அந்த அளவுக்குத்தான் கார்புரேட்டரின் ஊசி வால்வும் அமைக்கப்பட்டிருக்கிறது. அதிக அழுத்தமுள்ள பம்பை வைத்தால் வால்வை மீறிப் பெட்ரோல் வழியும். மோட்டார் நின்ற பிறகும் மின்பம்பு ஓடிக்கொண்டே இருந்தால் வழிந்தது படகின் அடியில் தேங்கும். அதோடு, அது காற்றையும் சேர்த்தே தள்ளும். விரிசல் அப்படியேதான் இருக்கும்.

இரவல் டேங்கிலும் மோட்டார் நின்றால் மட்டும், பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர் பக்கத்தில் சில திருகுகளில் நிற்கும் சிறு பெட்டி அது. டயாஃப்ரம் விறைத்தோ கிழிந்தோ இருக்கலாம். கிழிந்திருந்தால் பெட்ரோல் பின்புறத் துளை வழியாக நேரே கிராங்க் கேஸுக்குள் போகும். ஒரு பிளக் மட்டும் ஈரமாகவும் புகை அதிகமாகவும் இருப்பது அதன் அடையாளம். டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் சேர்ந்த கிட் தனியாகவே கிடைக்கும்.

விற்றவரிடம் கேட்கலாமா?

நான் வக்கீல் இல்லை, மோட்டார் வேலை தெரிந்தவன். அதனால் சட்டத்தை விட்டுவிட்டு, கேட்கப் போகும் முன் கையில் என்ன இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். 'ஓட்டை மோட்டார்' என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு அதற்கு ஒரு சான்றும் இல்லை. முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியதாக நீங்களே சொல்கிறீர்கள். அதன் பிறகு மூடியில் துளை போட்டது நீங்கள், ஜெட்டில் கம்பி விட்டது உங்கள் மெக்கானிக். விற்றவர் இதைச் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம். எழுத்தில் உத்தரவாதம் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தக் காகிதத்தோடு வக்கீல் ஒருவரைப் பாருங்கள், அதில் தயக்கம் வேண்டாம். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், ஒரு குழாய்க்காக உறவைக் கெடுத்துக்கொள்ளும் முன் மேலே சொன்ன சோதனைகளை முடித்துவிடுங்கள்.

அதைவிட உங்களுக்கு முக்கியமான கேள்வி, இத்தனை நாள் வறண்டு ஓடியதில் மோட்டாருக்கு எவ்வளவு சேதம் என்பது. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது எழும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் 10 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் நிம்மதியாக இருக்கலாம். ஒன்று மட்டும் நன்றாகக் குறைந்திருந்தால் ரிங்கோ பிஸ்டனோ அடிபட்டிருக்கிறது. அதை முதலில் கவனிக்க வேண்டும், மற்ற செலவெல்லாம் அப்புறம்.

ஆயில் கலக்கும் அளவையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டருக்கு 480 மில்லி. உங்கள் மோட்டாரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. பைக்குக்கு ஊற்றும் டூ-டி ஆயில் வேண்டாம். தண்ணீரால் குளிரும் மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 ஆயில் என்று கேட்டு வாங்குங்கள். நடுவழியில் ஊற்றிய கேனில் ஆயில் கலந்திருந்ததா என்று கடிதத்தில் சொல்லவில்லை. கலக்காமல் ஊற்றியிருந்தால் கம்ப்ரஷன் சோதனையை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

சரியாகும் வரை

நடுவழியில், சூடான மோட்டார் பக்கத்தில், ஆடும் படகில் கேனைச் சாய்த்துப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்த வரி அதுதான். இனி அப்படிச் செய்யாதீர்கள். கனெக்டர் வைத்த இரண்டாவது டேங்க் ஒன்றைக் கரையிலேயே நிரப்பி எடுத்துப் போங்கள். தேவைப்பட்டால் ஹோஸை மட்டும் மாற்றி மாட்டிக்கொள்ளலாம். பெட்ரோல் வெளியே தலைகாட்டாது. பெட்ரோலை மூன்று பங்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. துடுப்பு, நங்கூரம், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் எப்போதும் படகில் இருக்கட்டும். மோட்டார் நின்றால் முதலில் நங்கூரத்தைப் போடுங்கள். மோட்டாரின் மூடியைத் திறப்பது அதற்கப்புறம்.

குழாயை மாற்றியதும் 'நிறைந்த டேங்கில் ஓடிவிட்டது, சரியாகிவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். முன்பும் நிறைந்த டேங்கில் ஓடத்தான் செய்தது. கரையை ஒட்டியே ஓட்டி, மட்டம் கால்வாசிக்கு இறங்கும் வரை இடையிடையே முழு வேகம் கொடுத்துப் பாருங்கள். அன்று துணைக்குப் பெரியவர் ஒருவர் வரட்டும், பையன் கரையில் இருக்கட்டும். கால் டேங்கில், பல்பைத் தொடாமல், பத்து நிமிடம் முழு வேகத்தில் நிற்காமல் ஓடினால் அடுத்த தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நின்றால் எனக்கு எழுதுங்கள்: நின்றபோது பல்பு சப்பியிருந்ததா, மெத்தென்று இருந்ததா, விறைப்பாக இருந்ததா, ஒளிபுகும் குழாயில் குமிழி தெரிந்ததா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது. இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.